தேதிக்காரிக்கு ஒரு தேதி

அந்தத் தெருவில் மழை எப்போது விடும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். துணி எப்போது வரும் என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "தேதிக்காரியக் கேளு."

தேதிக்காரி, சலவைக்கடையின் மருமகள். முன்மேசைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய நூல்கண்டு வைத்திருப்பாள். கிழமைக்கு ஒரு நிறம். திங்களுக்கு மஞ்சள், செவ்வாய்க்குச் சிவப்பு, புதனுக்கு நீலம் என்று போகும். மூட்டை வந்ததும் பிரித்துப் பார்ப்பாள், கறையை நகத்தால் சுரண்டுவாள், வாசலுக்கு வந்து வானத்தை ஒரு தடவை முறைப்பாள். பிறகு நூலை இழுத்து ஒரு முடிச்சு. முடிச்சு விழுந்தால் விழுந்ததுதான். இடி விழுந்தாலும் அந்தக் கிழமை அந்தத் துணி மடித்து மேசைமேல் இருக்கும்.

டப்பாவில் வெள்ளை நூல் ஒன்றும் உண்டு. போகுமா போகாதா என்று சொல்ல முடியாத கறைக்கு, தேதி கொடுக்க முடியாத துணிக்கு அது. வெள்ளை நூல் கட்ட நேர்ந்த அன்றைக்கு அவள் முகத்தில் எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது.

அப்படிப்பட்டவள் வயிற்றில் இரண்டாவது பிள்ளை. மழைக்காலத்தின் நடுவில், துணி காயாத நாட்களில், மேசைக்கும் அவளுக்கும் நடுவே வயிறு வந்து உட்கார்ந்துகொண்டது. மூட்டையைக் கைநீட்டி வாங்க முடியாமல் பக்கவாட்டில் நின்று வாங்கினாள்.

முதல் பிள்ளை பிறந்த கதையை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். மாமியார்தான் எல்லோரிடமும் சொல்வாள். இடுப்பு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இன்னும் நேரம் இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். "ஒரே ஒரு டெலிவரி, அரை மணில வந்துடறேன்" என்று புருஷன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அந்த அரை மணிக்குள் பிள்ளையின் துடிப்பு குறைகிறது என்று அவசர ஆபரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். அவள் கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பிள்ளை குளித்து, பால் குடித்து, தூங்கி எழுந்திருந்தது. "என் பிள்ளையை ஊரே பாத்த பிறகு நான் பாத்தேன்" என்று அவள் ஒரே ஒரு முறை புருஷனிடம் சொன்னாள்.  

அதனால்தான் இந்தத் தடவை டாக்டரம்மா, "முதல்ல ஆபரேஷன் ஆகியிருக்கு. இதுக்கும் சிசேரியன்தான் பாதுகாப்பு. ஒரு நாள் குறிச்சுக்கலாம்" என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆபரேஷன் என்றதும் சிரித்த பெண்ணை டாக்டரம்மா அப்போதுதான் பார்த்தாள்.

"அப்போ நான் முழிச்சிருப்பேனா, டாக்டர்?"

"முதுகுல ஊசி போடுவோம். இடுப்புக்குக் கீழதான் மரத்துப் போகும். முழிச்சிருந்து பாக்கலாம்."

"இவரு பக்கத்துல இருக்கலாமா?"

"தலைமாட்டுல ஒரு ஸ்டூல் போட்டுத் தருவோம். மயக்கம் போட்டு விழமாட்டேன்னா இருக்கலாம்."

"விழமாட்டாரு. பாய்லர் பக்கத்துல நிக்கிற ஆளு."

வியாழக்கிழமை என்று முடிவானது. "ஆனா ஒண்ணு," என்றாள் டாக்டரம்மா. "அதுக்கு முன்னால வலி வந்துட்டா தேதி கீதி எல்லாம் கிடையாது. உடனே வந்துடணும்." அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அவள் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேலை தொடங்கியது. வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை. வியாழன் நூல் கட்டிய மூட்டைகளை எல்லாம் இறக்கி, ஒன்றொன்றாக நூலை அறுத்து, வெள்ளிக்கிழமை நூல் கட்டினாள். மாமியார் பாய்லரைக் கிளறிக்கொண்டே பார்த்தாள். அறுபதைத் தாண்டியும் ஈரப் போர்வையை ஒற்றை ஆளாய்ப் பிழியும் கை அவளுடையது. அதைவிட வாய்க்கு வலு அதிகம்.

"ஏண்டி, பிள்ளைக்கும் ஒரு நூலு கட்டி உள்ள அனுப்பிட்டியா? அதுக்குத் தெரிய வேணாமா, வியாழக்கிழமைன்னு?"

"அதெல்லாம் டாக்டர் பாத்துப்பாங்க, அத்தை."

"எம்மகன வியாழக்கிழமைன்னு சொன்னாங்க. சனிக்கிழமை பொறந்தான். இன்னிக்கு வரைக்கும் எதுக்கும் லேட்டுதான்."

இஸ்திரி மேசையில் நின்ற மகன் தலையைத் தூக்காமல், "காது கேக்குது, அம்மா" என்றான்.

"கேக்கத்தான்டா சொல்றேன்."

புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ராத்திரி மழையில் ஆபரேஷன் தியேட்டர் கூரை ஒழுகிவிட்டது. சரிசெய்து சுத்தம் பண்ண வேண்டும். சனிக்கிழமை வாருங்கள்.

"ஆஸ்பத்திரிக்காரங்களே நாளைக்கு வா, நாளன்னைக்கு வான்னா நாம எங்க போறது!" என்று அவள் குமுறியதை, படுக்கை விரிப்பு வாங்க வந்த லாட்ஜ்காரர் கேட்டுவிட்டார். அவருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. எத்தனை வருஷமாய் இந்த மேசைமுன் நின்று, "ஒரு நாள் முன்னால கிடைக்காதாம்மா?" என்று கெஞ்சியிருப்பார்!

"ஏம்மா, தேதின்னா தேதிதான்னு சொல்லிப் பாத்தியா?"

"அண்ணே, விரிப்ப எடுத்துக்கிட்டு கிளம்புங்க."

"நூலு ஒண்ணு கட்டி அனுப்பேன் டாக்டருக்கு."

"உங்க அடுத்த மூட்டைக்கு வெள்ளை நூல் கட்டவா?"

லாட்ஜ்காரர் சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கினார். அவர் போன பிறகு அவள் சனிக்கிழமை மூட்டைகளை இறக்கி நூல் மாற்றினாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி போன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்குக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை கட்டாயம்.

இந்தத் தடவை அவள் குமுறவில்லை. சிவப்பு நூல் கட்டிய மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் அப்படியே இருந்தாள். புருஷன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"குடு, நான் கட்டுறேன்."

"உங்க முடிச்சு நிக்காது."

"சரி, நான் அறுக்கிறேன். நீ கட்டு."

கொஞ்ச நேரம் அவன் சிவப்பை அறுக்க, அவள் நீலத்தைக் கட்டினாள். அவர்களுடைய நான்கு வயது மகள் அறுந்த சிவப்புத் துண்டுகளைப் பொறுக்கிப் பாவாடையில் போட்டுக்கொண்டாள். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமையும் மாறிச்சுன்னா?" என்றாள் தேதிக்காரி.

"மாறட்டுமே. பிள்ளை உள்ளதானே இருக்கு. எங்க ஓடிடப் போவுது?"

"அதுக்கில்ல." அவள் முடிச்சை இறுக்கினாள். "திடீர்னு வலி வந்து, நீங்க எங்கயோ மூட்டையோட நின்னு, எனக்கு மறுபடி மயக்கம் குடுத்துட்டாங்கன்னா? நான் பாக்கணும்ங்க. அது வெளிய வரும்போது நான் முழிச்சிருக்கணும். நீங்க அந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கணும். வேற எதுவும் வேணாம் எனக்கு."

"உக்காந்திருப்பேன்."

"சத்தியமா?"

"செவ்வாய்க்கிழமை கடைய பூட்டிச் சாவிய கிணத்துல போட்டாலும் போடுவேன், டெலிவரிக்குப் போகமாட்டேன்."

"நம்ம வீட்டுல கிணறு இல்ல."

"அதான் தைரியமாச் சொல்றேன்" என்றான். அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அடுத்த மூட்டையை இழுத்து நீல நூலைக் கட்டினாள், அதற்கடுத்ததற்கும் கட்டினாள். மூன்றாம் தடவையாய் நூல் மாற்றும் கை, எந்த மூட்டை யாருடையது என்று பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் மொத்தக் குடும்பமும் கிளம்பியது. கடைக்கதவில் பெரிய பூட்டு. அதன் மேல் மாமியார் தன் கையால் எழுதித் தொங்கவிட்ட அட்டை: "பிள்ளை பெறப் போகிறோம். நாளை வரவும்." பெறப் போவது ஒருத்திதானே என்று மகன் கேட்டதற்கு, "நீ ஸ்டூல்ல, நான் வராந்தாவுல. எல்லாருக்கும்தான் வேலை இருக்கு" என்றாள்.

ஆபரேஷனுக்கு வெறும் வயிறாய் இருக்க வேண்டும் என்பதால் தேதிக்காரிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. வழியில் ரொட்டிக்கடையைத் தாண்டும்போது வெண்ணெய் வாசனை வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. "பாக்காத, நேரா பாத்து நட" என்று மாமியார் சொல்லிவிட்டு, தான் திரும்பி நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அங்கி மாற்றினார்கள். கையில் ஊசி குத்தினார்கள். பிள்ளையின் இதயம் பெட்டியில் குதிரை ஓடுவதுபோல் கேட்டது. மயக்க டாக்டர் காய்ச்சல் தெளிந்து வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பயமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. வெகுநேரம் கழித்து தியேட்டர் சிஸ்டர் வந்தாள். குள்ளமான, வேகமான பெண். முகம் சரியாக இல்லை.

"கொஞ்சம் லேட் ஆகும்மா. இன்னிக்கே நடக்குமான்னும் தெரியல."

"இப்போ என்ன? கூரையா, காய்ச்சலா?"

"துணி இல்ல."

"என்ன துணி?"

"தியேட்டர் துணிம்மா. மேல விரிக்கிறது, டாக்டர் போடுறது, பச்சைத் துணி. வாராவாரம் செவ்வாய்க்கிழமை விடியறதுக்குள்ள வந்துடும். அத நாங்க நீராவில போட்டுக் கிருமி எடுத்தாத்தான் உள்ள கொண்டு போக முடியும். இன்னிக்கு வரவே இல்ல. கடைக்குப் போன் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போச்சு. இத்தனை வருஷத்துல ஒரு நாள் தவறினது கிடையாது அந்தச் சலவைக்கடை. வார்டுபாயை அனுப்பினா பூட்டு தொங்குதாம். ஏதோ பிள்ளை பெறப் போறாங்களாம், குடும்பத்தோட!"

 மாமியார் ஜன்னல் வழியே மழையை மிகுந்த அக்கறையோடு பார்த்தாள். புருஷன் தன் செருப்பைப் பார்த்தான். தேதிக்காரியின் கண்முன் வெள்ளிக்கிழமை வந்து நின்றது. இருப்பதிலேயே பெரிய மூட்டை அது. பச்சை ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் தன் கையாலேயே போட்ட நீல முடிச்சு. எல்லா வாடிக்கைக்காரர்களுக்கும் ஆள் அனுப்பிச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. நாம் போகப்போகும் இடம் என்று நினைத்தாளே தவிர, நம்மிடம் துணி போடும் இடம் என்று நினைக்கவில்லை.

"சிஸ்டர்," என்றாள் மெல்ல. "அந்தச் சலவைக்கடை நாங்கதான்."

சிஸ்டர் அவளைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், வார்டுபாய் சொன்ன அட்டை வாசகத்தை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள் போலும். வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து குலுங்கினாள். எப்போதும் மூட்டையைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் இறக்குவது வண்டிக்காரன் என்பதால் இவர்கள் முகம் அவளுக்குத் தெரியாது.

"துவைச்சுக் காஞ்சு இருக்கு," என்றான் புருஷன். "இஸ்திரிதான் போடணும். வண்டிக்காரனுக்கும் லீவு குடுத்தாச்சு. நான்தான் போகணும்." சொன்னவன் மனைவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அப்போதுதான் அவளுக்கு வயிறு ஒரு தடவை கல்லாய் இறுகித் தளர்ந்தது. சிஸ்டர் சிரிப்பை விட்டுவிட்டுக் கையை வைத்துப் பார்த்தாள்.

"எப்போலேருந்து?"

"ரொட்டிக்கடையிலேருந்து. பசின்னு நெனச்சேன்."

"வலி இப்பத்தான் ஆரம்பம். மெதுவாத்தான் இருக்கு. பாருங்க, அவசரத்துக்குன்னு ஒரு செட் துணி உள்ள சீல் வச்சு இருக்கு. உயிர் போற கேஸுக்குத்தான் அதத் தொடுவோம். வலி வேகமாச்சுன்னா அதப் பிரிச்சு உடனே உள்ள கொண்டு போயிடுவோம். யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம். புரியுதா?"

புரிந்தது. அவன் போனால் திரும்புவதற்குள் அது நடந்துவிடலாம். போகாவிட்டால் இன்று துணி வராது; இன்னொருத்திக்கு அவசரம் என்றால் அந்த ஒற்றை செட்டும் போய்விடும்.

"நான் போகல," என்றான். "அம்மா போகட்டும்."

"நான் பிழிவேன்டா. அத்தனையும் இஸ்திரி போட்டுத் தூக்க எனக்கு ரெண்டு கைதானே?" என்றாள் மாமியார்.

தேதிக்காரி புருஷனின் சட்டைக்கையைப் பிடித்தாள். "எப்போ வருவீங்க?"

அவன் வாயைத் திறந்தான். அரை மணி என்ற சொல் அவன் நாக்கு வரை வந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அவன் அதை விழுங்கினான்.

"தெரியாதும்மா," என்றான். "ஆனா ஓடி வருவேன்."

இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன பதில்களிலேயே அதுதான் அவளுக்கு நம்பும்படி இருந்தது. கையை விட்டாள்.

"பெரிய விரிப்ப முதல்ல போடுங்க. அதுதான் நேரம் எடுக்கும். பிளாஸ்டிக் சுத்தி எடுத்துட்டு வாங்க, மழை."

"தெரியும்."

"நாடா பிஞ்ச அங்கி ரெண்டு இருக்கும்."

"போறேன்டி!" என்று அவன் கதவருகே போயும்விட்டான். மாமியார் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

காத்திருப்பது அவளுக்குத் தெரியாத தொழில். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் தொழில் அது. ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரிக் கொடியில் யாரோ மறந்துவிட்ட துண்டு ஒன்று நனைந்துகொண்டிருந்தது. வலி வந்தது, போனது. அடுத்தது எப்போது என்று கணக்குப் போட்டாள். அது கணக்கில் நிற்கவில்லை. சீக்கிரம் வந்தது, பிறகு ஆளையே காணோம், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது. வயிற்றில் கையை வைத்து, "ஏய், அப்பா வரட்டும்" என்றாள். "உங்கப்பா எதுக்கும் லேட்டுதான். நீயாவது கொஞ்சம் பொறு." உள்ளிருந்து ஒரு உதை வந்தது.

சிஸ்டர் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தாள். "எப்படிம்மா இருக்கு?"

"சொல்ல முடியல, சிஸ்டர். வெள்ளை நூல் கட்டின துணி மாதிரி இருக்கு."

"அப்படின்னா?"

அவள் சொன்னாள். மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் சொன்னாள். சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். "எங்க வேலையில எல்லாமே வெள்ளை நூல்தான்மா," என்றாள். "நாங்க தேதி குடுக்கிறதே உங்க மனசு ஆறுதலுக்குத்தான்."

அடுத்த வலி பல்லைக் கடிக்க வைத்தது. சிஸ்டர் எழுந்தாள். பிள்ளையின் துடிப்பைக் கேட்டாள். முகத்தில் விளையாட்டு குறைந்தது. "டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்."

அவள் கதவைத் தாண்டவில்லை. வராந்தாவின் கோடியில் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. தேதிக்காரிக்கு அந்தச் சக்கரம் தெரியும்; எண்ணெய் விடச் சொல்லி மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறாள். தள்ளுவண்டி நிறையப் பச்சைத் துணி, பிளாஸ்டிக்குக்குள் ஒரு துளி ஈரமில்லாமல் இருந்தது. அதைத் தள்ளியவனோ நனைந்த கோழி. அவனுக்குப் பின்னால், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மூச்சு வாங்க, லாட்ஜ்காரர்.

"துணி வந்தாச்சு!" என்றான் புருஷன்.

"ஆளும் வந்தாச்சு," என்றாள் சிஸ்டர். வண்டியைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். போகிற போக்கில் திரும்பிக் கத்தினாள்: "நீராவில வச்சு எடுக்கற வரைக்கும் நேரம் இருக்கு. வலி தாங்குது, பிள்ளையும் நல்லா இருக்கு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க!"

அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் சட்டையிலிருந்து மழையும் இஸ்திரிச் சூடும் சேர்ந்து வாசனை வந்தது.

"எப்படிங்க இவ்வளவு சீக்கிரம்?"

"கடை வாசல்ல அட்டையப் பாத்துட்டு கூட்டமா நின்னாங்க. தியேட்டர் துணின்னு சொன்னேன். தையல்காரர் நாடா தைச்சாரு. இவரு" என்று வாசலைக் காட்டினான், "இவரு மடிச்சாரு."

லாட்ஜ்காரர் தலையை நீட்டினார். "மடிப்பு எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லும்மா. குறை இருந்தா நாளைக்கு வரேன்."

"அண்ணே, உங்க அடுத்த மூட்டை ஒரு நாள் முன்னால."

"ஆத்தாடி! சாட்சிக்கு ஆள் இருக்கா?" என்று கத்திக்கொண்டே அவர் போனார்.

 அவன் கையைப் பிடித்தபடி அவள் வலிகளை வாங்கினாள்; அவன் ஒவ்வொன்றுக்கும் தன் முகத்தைச் சுளித்தான். முதல் பிள்ளை பிறந்தபோது அவர்களுக்குக் கிடைக்காமல் போன பொழுது ஒன்று, நீராவிப் பெட்டியின் தயவில் திரும்பி வந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

தியேட்டரில் அவளுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை கட்டினார்கள். தலைமாட்டில் ஸ்டூல். ஸ்டூலில் அவன். கால்கள் எங்கேயோ போய்விட்டன. முகமும் கண்ணும் மட்டும் மிஞ்சின. திரையைப் பார்த்தாள். நடுவில் மடிப்பு கோணல்மாணலாய் ஓடியது.

"லாட்ஜ்காரர் மடிப்பு," என்று முணுமுணுத்தாள்.

"அழாத," என்றான் அவன்.

"அழல. மடிப்பப் பாத்தா சிரிப்பு வருது."

டாக்டரம்மா திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சிரிக்காதம்மா, வயிறு ஆடுது" என்றாள். பிறகு ஒரு இழுப்பு, ஒரு அழுத்தம். பிறகு அந்தச் சத்தம்: கிழிந்த குழலில் காற்றடைத்து ஊதியதுபோல், கோபமாய், உரக்க. கோணல் மடிப்புக்கு மேலே சிவந்து, நனைந்து, முஷ்டியை ஆட்டிக்கொண்டு ஒரு பையன் எழும்பினான். அவள் பார்த்தாள். ஊர் பார்ப்பதற்கு முன்னால், சிஸ்டர் துடைப்பதற்கும் முன்னால் பார்த்தாள்.

பாய்லர் பக்கத்தில் நிற்கிற ஆள் ஸ்டூலிலிருந்து மெல்லச் சரியப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. வார்டுக் கட்டிலில் பிள்ளையை அணைத்துக்கொண்டு அவள் கண்களை மூடிக் கிடந்தாள். கடையிலிருந்து மாமியாரும் மகளும் வந்தார்கள். மகள் கையில் பிஸ்கட் டப்பா.

"அத ஏண்டி தூக்கிட்டு வந்த?" என்று அப்பன் கேட்டான்.

"தம்பிக்குக் கட்டணும். எந்தக் கிழமைன்னு எல்லாரும் மாத்தி மாத்திச் சொன்னீங்க. அதான் எல்லாக் கலரும் கொண்டு வந்துட்டேன்."

மாமியார் பேரனைக் குனிந்து பார்த்தாள். "இது வெளுக்கப் போட்ட துணி இல்லடி செல்லம். வெளுத்து வந்தாச்சு."

அந்த நேரம் பார்த்துத் தியேட்டர் சிஸ்டர் பெரிய அழுக்கு மூட்டையோடு வந்து நின்றாள். "வண்டிக்காரருக்கு லீவுன்னீங்களே, அதான் நானே கொண்டு வந்தேன். இது எப்போ கிடைக்கும்?"

"தேதிக்காரியக் கேளுங்க," என்றான் புருஷன், பழக்கதோஷத்தில்.

"தூங்குறாங்களே!"

"அப்போ... அம்மா, இது எப்போ முடியும்?"

"என்னைக் கேட்டா? நான் பிழியற ஆளு."

"சிவப்பு கட்டலாமா? இல்ல நீலமா? நீலம் எந்தக் கிழமை?"

"அப்பாவுக்கு நீலம்கூடத் தெரியல!" என்றாள் மகள். டப்பாவைத் துழாவினாள். நீளமாய் ஒரு வெள்ளை நூலை உருவி, மூட்டையின் கழுத்தில் தன் சின்ன விரல்களால் முடிச்சுப் போட்டாள்.

"அய்யோ, வெள்ளையா!" என்றாள் சிஸ்டர். "எனக்கு நாளன்னைக்குக் காலையில ஆபரேஷன் இருக்கு!"

தேதிக்காரி தூங்கவில்லை. வானம் வெளுத்தாயிற்று; காலையில் காற்று இருக்கும்; ராத்திரியே ஊறப் போட்டால் நாளைச் சாயங்காலத்துக்குள் தாராளமாய் முடியும். நீலம். நாக்கு நுனியில் இருந்தது. கண்ணைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பிள்ளையை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள். அடித்துக்கொள்ளட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.